ஆன்டிவைரஸ் வேண்டாம் என்று நான் சொன்ன வாரம்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் தேவையா இல்லையா என்பதை என்னைத் தவிர எல்லோரும் முடிவு செய்தார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் படித்தவள் நான் ஒருத்திதான். உத்தமபாளையத்தில் மூன்று வருடம் கல்லூரிக்குப் போய்ப் படித்துவிட்டு, சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டக்காரர் வீட்டு மருமகளாக வந்தேன். கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று போட்டிருந்தார்கள். அதற்கப்புறம் அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

கம்ப்யூட்டர் என் கணவரின் அண்ணனுடையது. அவர் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறார். லேப்டாப் வாங்கியதும் பழைய கம்ப்யூட்டரை எங்களிடம் தள்ளிவிட்டார். கூடத்தில், டிவிக்குப் பக்கத்தில், போகிற வருகிற எல்லோருக்கும் திரை தெரிகிற மாதிரி வைத்தார்கள். வைத்த கையோடு ஓர் ஆன்டிவைரஸையும் போட்டுவிட்டுப் போனார். ஒரே கணக்கில் ஐந்து கருவிகளுக்குப் பாதுகாப்பு. கணக்கு அவர் பெயரில், பாஸ்வேர்டு அவரிடம். இங்கே எது தடுக்கப்பட்டாலும் அவர் போனில் மணி அடிக்கும். போதாததற்கு வாராவாரம் ஓர் அறிக்கையும் போகும். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்டு முடிக்கிற நேரத்துக்குச் சரியாக அவர் அழைப்பார். என் கணவர் ஸ்பீக்கரில் போடுவார்.

“இந்த வாரம் ரெண்டு சைட்ட தடுத்திருக்குலே. ஒண்ணு ஏதோ சமையல் சைட்டாம். எதையும் பாத்துத் தொறக்கச் சொல்லு.”

சொல்லு என்றால் என்னிடம் சொல்ல வேண்டும். நான் நாலடி தள்ளி எச்சில் தட்டை எடுத்துக்கொண்டிருப்பேன். என் கணவர் என்னைப் பார்த்து, “கேட்டியா?” என்பார். கேட்டது என்று தலையாட்டுவேன்.

கணவரின் அண்ணனைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். வேவு பார்க்க அவர் அதைப் போடவில்லை. அவ்வளவு தூரத்தில் இருந்தும் தம்பி வீட்டைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று அவருக்கு ஒரு சந்தோஷம். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சண்டை போடச் சௌகரியமாக இருந்திருக்கும்.

இந்த நிலையில்தான் எனக்கு ஒரு வேலை வருகிற மாதிரி இருந்தது. என் அப்பா மலைக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். ஐந்தாம் வகுப்புவரை நான் அங்கே மலையாளப் பள்ளியில் படித்தேன். கொச்சியில் ஒரு நிறுவனம், தமிழும் மலையாளமும் எழுதத் தெரிந்த ஆட்களைத் தேடியது. வாடிக்கையாளர்கள் கேட்பதற்கு வீட்டிலிருந்தபடியே எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். போனிலேயே விண்ணப்பித்தேன், போனிலேயே பேசித் தேர்வு செய்தார்கள். ஒன்றுதான் பாக்கி. திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒரு செய்முறைத் தேர்வு. அதைப் போனில் எழுத முடியாது. கம்ப்யூட்டரில் அவர்கள் அனுப்பும் மென்பொருளை முன்கூட்டியே ஏற்றி வைக்க வேண்டும். அதன் வழியாகப் பயிற்சியாளர் அங்கிருந்தே என் திரையைப் பார்ப்பார்.

வீட்டில் நான் சொல்லவில்லை. அதற்கு முந்தைய வருடம் கம்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்ததும் முறையாகச் சொல்லி, முறையாகக் கேட்டவள் நான். மூன்று நாள் பேசினார்கள். “இப்ப இங்கன என்ன கொறஞ்சு போச்சு?” என்று மாமியார் கேட்டார். குறையைச் சொன்னால் வீட்டைக் குறை சொன்னதாகும், குறையில்லை என்றால் வேலை எதற்கு? அந்த வேலை அதோடு போனது. அதனால் இந்தத் தடவை வேலை கைக்கு வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

புதன்கிழமை காலை மென்பொருளை இறக்கி அழுத்தினேன். திரையில் சிவப்பாக ஒரு பெட்டி எழுந்தது. வெளியாள் ஒருவர் இந்தக் கம்ப்யூட்டரை இயக்க உதவும் மென்பொருள், ஆபத்தானது, தடுக்கப்பட்டது என்றது. அனுமதிக்க வேண்டுமானால் பாஸ்வேர்டு கேட்டது.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தோட்டத்தில் மருந்து அடித்துக்கொண்டிருந்த என் கணவர் வண்டியில் பறந்து வந்து, சேற்றுக் காலோடு கூடத்துக்குள் ஓடி, பிளக்கைப் பிடுங்கினார்.

“எவனோ நம்ம கம்ப்யூட்டருக்குள்ள நுழையப் பாத்திருக்கான். அண்ணன் இப்பத்தான் போன் பண்ணிச் சொன்னாக.”

என் மாமியார் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்தினார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நுழையப் பார்த்தவள் நான்தான், என் வேலைக்காகத்தான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. ஆனால் என் கணவர் முகத்தில் நிஜமான பயம் இருந்தது. மூச்சு வாங்கியது. என்னையும் தன் அம்மாவையும் காப்பாற்ற ஓடி வந்தவர் மாதிரி நின்றார். அவரிடம் போய் எப்படிச் சொல்வேன்? சும்மா இருந்துவிட்டேன். ஒரு தடவை சும்மா இருந்தால் அதோடு போயிற்று. பிறகு எப்போது சொன்னாலும், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்பதற்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த ஆன்டிவைரஸைப் பாஸ்வேர்டு இல்லாமல் எடுக்கும் வழி எனக்குத் தெரியும். கால்மணி நேர வேலை. ஆனால் எடுத்த மறு நிமிஷம், உங்கள் கம்ப்யூட்டர் பாதுகாப்பில்லாமல் இருக்கிறது என்று கோயம்புத்தூரில் மணி அடிக்கும். வியாழக்கிழமை இரண்டு முறை அதன் முன்னால் போய் உட்கார்ந்தேன். இரண்டு முறையும் திரையைத் துடைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

சனிக்கிழமை என் கணவர் சாப்பிடும்போது, பொதுவாகப் பேசுவதைப் போல ஆரம்பித்தேன்.

“வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் தனியா வேணுமாங்க? விண்டோஸோடயே ஒண்ணு வருது. அப்டேட்ட ஒழுங்காப் போட்டு, தெரியாதவுக அனுப்புறதத் தொறக்காம இருந்தா நம்ம வீட்டுக்கு அதுவே போதும். இதால கம்ப்யூட்டரும் மெதுவாப் போகுது.”

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. மெதுவாகத்தான் போனது. கடையில் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அவர் கவனமாகக் கேட்டார். “நீ படிச்சவ, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. பிறகு, “எதுக்கும் அண்ணன்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்குவோம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கரில் கேட்டார்.

“அண்ணே, அது நமக்குத் தேவையில்லைன்னு இவ நேத்துச் சொன்னா. எடுத்துரலாமா?”

அண்ணன் நாளை எண்ணிப் பார்த்தார்.

“புதன்கெழமதான் ஒருத்தன் உள்ள வரப் பாத்தான். சனிக்கெழம இவ எடுங்கிறாளா? ஏன்லே?”

ஏன் என்று என் கணவர் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். சந்தேகம் என்றுகூட அதைச் சொல்ல முடியாது, புதிதாக ஒருத்தியைப் பார்ப்பதைப் போல ஒரு பார்வை. மாமியார்தான் பேசினார்.

“பூட்டுப் போட்டு வச்சா உனக்கு எங்கன ஆத்தா வலிக்குது?”

நான் படித்தது, எனக்குத் தெரிந்தது, நான் சொன்னது எல்லாம் சரி. ஆனால் அதைச் சரியென்று சொன்னதாலேயே நான் ஏதோ மறைக்கிறவள் ஆகிவிட்டேன். மறைக்கவும்தான் செய்தேன், அதுதான் இதில் கொடுமை. “சும்மா சொன்னேன். இருந்துட்டுப் போகட்டும்” என்றேன். பிறகு ஒரு படி மேலே போய், “வேணும்தான், இந்தக் காலத்துல இல்லாம முடியாது” என்றும் சொன்னேன். அதைச் சொன்னதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை.

திங்கட்கிழமை பத்து மணிக்குப் பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் நின்று கொச்சிக்குப் போன் செய்தேன். கம்ப்யூட்டர் பழுது, இரண்டு நாள் கொடுங்கள் என்றேன். அந்தப் பெண் கோபப்படவேயில்லை. “சாரமில்லா, பின்னே நோக்காம்” என்றாள். பரவாயில்லை, அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். அப்புறம் அவள் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டபோது இடம் நிரம்பிவிட்டிருந்தது.

மறுவருடம் சித்திரைத் திருவிழாவுக்கு என் கணவரின் அண்ணன் வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கெடு முடியப்போகிறது, புதுப்பியுங்கள் என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது.

“இதெல்லாம் இப்ப தேவையே இல்லையாம்லே. விண்டோஸோடயே ஒண்ணு வருதாம். வீட்டுக்கு அதுவே போதும்னு எங்க ஆபீஸ்ல சொன்னாக.”

“அப்படியாண்ணே?” என்றார் என் கணவர், முதல் தடவையாகக் கேட்கிறவர் மாதிரி. அவர் நடிக்கவில்லை, நிஜமாகவே மறந்திருந்தார். “தேவையில்லாதத எதுக்கு வச்சுக்கிட்டு” என்றார் மாமியார். கணவரின் அண்ணன் பாஸ்வேர்டை அடித்தார், இரண்டே நிமிஷத்தில் அது போய்விட்டது. என் கையில் இருந்த மோர்ச் செம்பை அவர் தலையில் கவிழ்க்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். நல்லாருக்கு என்றார்.

இரண்டு மாதம் கழித்து அதே கொச்சி நிறுவனம் மறுபடி ஆள் கேட்டது. இந்தத் தடவை ஒளிக்க வேண்டியதில்லை. கூடத்திலேயே, பட்டப்பகலில், கம்ப்யூட்டரிலேயே விண்ணப்பத்தை நிரப்பினேன். மணி அடிக்க ஒன்றுமில்லை, ஞாயிற்றுக்கிழமை அறிக்கையும் இல்லை. மாமியார் வெயிலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படிப்பு, மொழிகள், வேலைக்கு ஒதுக்க முடிந்த நேரம் எல்லாம் எழுதினேன். கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. வேறு ஏதேனும் சொல்ல விரும்பினால் எழுதலாம், கட்டாயமில்லை என்றது.

கை தானாக அடித்தது. அடித்து முடித்துப் படித்துப் பார்த்தேன். என் கணவருக்கு ஆட்சேபணை இல்லை என்று எழுதியிருந்தேன்.

அப்படி யாரும் கேட்கவில்லை. அழித்துவிட்டு அனுப்பியிருக்கலாம். அது உண்மையா என்று எனக்கே தெரியாமல், அவர் தோட்டத்திலிருந்து வரும்வரை அனுப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.