காயம் படாத உடம்பு

போன வருடப் பள்ளி விடுமுறையில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் நடந்தது இது. லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு மேல் மாடியில் நடக்கும் தேக்வாண்டோ வகுப்புக்கு என் மகள் சின்ன வயதிலிருந்தே போய்க்கொண்டிருந்தாள். மாநிலப் போட்டிக்கு ஆள் எடுக்கும் நேரத்தில் மாஸ்டர் பிள்ளைகளின் எச்சிலை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். நல்லதுக்குத்தானே என்று பெற்றோர் எல்லோரும் தலையாட்டினோம்.

முடிவு வந்ததும் என்னைக் கூப்பிட்டார்.

“அக்கா, உங்க மகளுக்கு வேகத்துக்கான ஜீன் இல்ல. ஃபைட்டுக்குச் சரிவராது. தனியா நின்னு அசைவு செஞ்சு காட்டுற பேட்டர்ன் மட்டும் பண்ணட்டும்.”

“போன வாரம்கூட இங்க எல்லாரையும் ஜெயிச்சாளே மாஸ்டர்?”

“இப்ப ஜெயிப்பா. வளர வளர முடியாது. இது சயன்ஸ் சொல்றது லா அக்கா.”

என் மகளின் இடத்தில் அவளுடைய உயிர்த்தோழியைப் போட்டார். அந்தப் பெண்ணுக்கு வேகமும் இருக்கிறதாம், எளிதில் காயம் படாத உடம்பும் இருக்கிறதாம்.

அன்று மகள் சாப்பாட்டைத் தொடவே இல்லை. திடீரென்று கேட்டாள்: “அம்மா, இந்த ஜீன் அப்பாகிட்ட இருந்து வந்துச்சா, உங்ககிட்ட இருந்தா?”

எங்கள் இரண்டு பேரில் யார் மேல் குற்றம் என்று பெற்ற பிள்ளையே தேடும்படி செய்துவிட்டார்களே!

ஆனாலும் தோழிக்குக் கைதட்டியே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்து என்னைப் போட்டிக்கு அழைத்துப் போனாள். உதைத்துவிட்டுக் காலை ஊன்றும்போது அந்தப் பெண்ணின் கணுக்கால் மடங்கியது. அப்படியே விழுந்துவிட்டாள். மாஸ்டர் ஓரத்தில் நின்று கத்தினார்: “எழுந்திரு! உன் காலுக்கு ஒன்னும் ஆகாது! ரிப்போர்ட்ல பார்த்தோம்ல!”

அவள் எழப் பார்த்து, மறுபடியும் விழுந்தாள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். என் மகள் ஓடினாள், பின்னாலேயே நானும். கால் கவசத்தைக் கழற்றினால், கணுக்கால் பந்துபோல் வீங்கியிருந்தது.

“ரொம்ப நாளாவே வலிக்குது ஆண்ட்டி,” என்று அழுதாள். “மாஸ்டர்கிட்ட சொன்னேன். உனக்கெல்லாம் அடிபடாதுன்னு சொல்லிட்டாரு.”

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

“ஜெயிச்ச பிள்ளைய முடியாதுன்னு ஒதுக்கினீங்க. வலிக்குதுன்னு வாய்விட்டுச் சொன்ன பிள்ளைய நம்பல. கண் முன்னாடி நிக்கிற பிள்ளைங்கள ஒரு தடவையாச்சும் பார்த்தீங்களா மாஸ்டர்?”

“எல்லாரும் பாக்கறாங்க அக்கா, மெதுவா பேசுங்க,” என்றார். அந்த மனுஷனுக்கு அதுதான் கவலை! காலைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில், தசைநார் கிழிந்திருக்கிறது என்றார்கள். வலி தொடங்கியபோதே ஓய்வு கொடுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காதாம். மரபணுச் சோதனையைப் பற்றிக் கேட்டேன். டாக்டர் பெருமூச்சு விட்டார்.

“ஜெயிக்கிறதுக்கு எத்தனையோ விஷயம் சேரணும்மா. இத மட்டும் வச்சு ஒரு பிள்ளைய எடுக்கறதும் தப்பு, ஒதுக்கறதும் தப்பு.”

இப்போது இருவரும் வேறு வகுப்பில் பழகுகிறார்கள். என் மகள் மறுபடியும் மோதுகிறாள், ஜெயிக்கிறாள், தோற்கிறாள். தோழிக்கு அந்தக் காலால் உதைக்க இன்னும் பயம். மாஸ்டர் மட்டும் மாறவே இல்லை. புதுப் பிள்ளைகளுக்கும் அதே சோதனைதான் என்று கேள்விப்பட்டேன். ‘இன்னுமா கோபம்?’ என்று என் கணவர் கேட்கிறார். வலிக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் முதலில் அதை நம்ப வேண்டும் என்பதை நான் மறக்காமல் இருக்க, இந்தக் கோபம் எனக்குள் அப்படியே இருக்கட்டும் என்றுதான் விட்டிருக்கிறேன்.