ஆண்டனி துடைத்த பல்

லாலாகுடா ஒர்க்‌ஷாப்பில் ஆண்டனி பெயின்ட் அடித்த ரயில் பெட்டி துருப்பிடித்து உதிர்ந்தாலும் நிறம் மட்டும் அந்தரத்தில் நிற்குமாம். சொட்டு ஈரமில்லாமல் துடைத்த பிறகே பிரஷ்ஷைத் தொடுவார். மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு அவருடைய முன்பல் பாதியாக உடைந்தது.

“நல்லா காய வச்சு ஒட்டும்மா” என்றார், உடைந்த துண்டைப் பல் டாக்டர் ஜுலைகாவிடம் நீட்டி.

“நக்கோ, வேணாம் அங்கிள். பல்லுக்குள்ள லேசா ஈரம் இருந்தாத்தான் பசை பிடிக்கும்.”

அவருக்கு மனசு கேட்கவில்லை. அவள் பசையெடுக்கத் திரும்பிய நொடியில் கைக்குட்டையால் பல்லை அழுத்தித் துடைத்துவிட்டார்.

கல்யாண விருந்தில் நாக்குப் பட்டதும் ஒட்டிய துண்டு அசைந்தது.

“ஏங்க உம்முனு இருக்கீங்க? சம்பந்தி பாக்குறாரு” என்றாள் மனைவி ஆக்னஸ்.

அவர் உதட்டைப் பிரிக்கவில்லை. பெண்ணின் தகப்பனார் இப்போது பேசுவார் என்று அறிவித்து, மைக்கை அவர் வாயருகே கொண்டுவந்தார்கள்.