பத்தில் ஏழு முறை

1991-இல் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலக்கையும் பேச்சும் போயின. மணிமங்கலம் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடம் சொன்னார்: "வாய் மட்டும் வரலையா, உள்ளயே மொழி அழிஞ்சிடுச்சான்னு தெரியணும். மூணு வாரம் கவனிச்சு வந்து சொல்லுங்க." உள்ளேயே அழிந்திருந்தால் நான் யாரோடு வாழப்போகிறேன்? அந்தப் பயத்தோடுதான் அவளைக் கூட்டி வந்தேன்.

நான் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு போல்ட் கம்பெனியில் இன்ஸ்பெக்டர். பெட்டிக்கு இருபது போல்ட் எடுத்து அளப்போம். இரண்டு தவறினால் பெட்டியையே திருப்பிவிடுவோம். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். லீவு போட்டு, கட்டிலருகே நோட்டுடன் உட்கார்ந்தேன்.

அவளிடம் நான்கு சொற்களே மிஞ்சியிருந்தன. பத்து முறை வாய் திறந்தால் ஏழு முறை "வேணாம்". "வேணாம்" என்று சொல்லிக்கொண்டே காபியை வாங்கிக் குடிப்பாள். பதினோராம் நாளிலிருந்து, அவள் உதடு அசையும் முன்பே சொல்லை எழுதிவைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் சரியாகவே வந்தது. அவள் அடுத்துச் சொல்லப்போவதை என் நோட்டே சொல்லிவிடுமானால், உள்ளே ஆள் எதற்கு?

பத்தொன்பதாம் நாள் அவள் தம்பி பார்க்க வந்தான். கட்டிலருகிலேயே நின்று சொன்னேன்: "உள்ள ஒண்ணும் இல்ல மச்சான். எல்லாம் போயிடுச்சு." அவள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை பால்காரம்மா வந்தாள். அவள் மகன் என் பிரிவில்தான் வேலை செய்தான். "இன்னா சார், நோட்டும் கையுமா குந்திகினு கீற. யக்காவயும் ரிஜெக்ட் பண்ணிட்டியா?" என்றவள் கட்டில் பக்கம் திரும்பினாள். "யக்கா, எங்க வூட்டு எருமை இனிமே ஓ.டி. குடுத்தாதான் கறக்குமாம். குடுத்துரலாமா?"

நான் "வேணாம்" என்று எழுதினேன். "வேணாம்" என்றாள் அவளும். ஆனால் அதற்கு முன்பே, எருமையோடு ஓ.டி. சேர்ந்த அந்த நொடியிலேயே, பாதி முகத்தால் சிரித்துவிட்டாள். பிறகு இடக்கையால் என்னைக் காட்டி, காற்றில் கையெழுத்துப் போட்டு, விரலை ஆட்டினாள்.

"சாரு கையெழுத்து போட மாட்டாரா? அது தெரிஞ்ச கதைதானே," என்றாள் பால்காரம்மா.

கம்பெனியில் என் பிரிவின் ஓ.டி. என்கிற ஓவர்டைம் சீட்டில் நான்தான் கையெழுத்துப் போடுவேன். லேசில் போட மாட்டேன். அதை வைத்து என் மனைவி கேலி செய்கிறாள். எருமை ஓ.டி. கேட்ட கதையை அவள் பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடக் கேட்டிருக்க முடியாது. என் நோட்டில் அதற்கு ஒரு வரி இல்லை. நான் எண்ணியதெல்லாம் வாயைத்தான்.

பால்காரம்மா தெருமுனை திரும்பும்வரைதான் என் சந்தோஷம் நீடித்தது. இத்தனை நாளும் எல்லாம் அவளுக்குப் புரிந்திருக்கிறது. சுவரிடம் பேசுவதுபோல் அவள் எதிரில் நான் என்னென்ன பேசினேன், எத்தனை முறை பேசினேன்? நோட்டைப் புரட்டினேன். அதை மட்டும் நான் எண்ணவில்லை.

"முந்தாநேத்து... இல்ல, நேத்து, உன் தம்பிகிட்ட நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன். இந்த முறை முன்கூட்டி எதுவும் எழுதவில்லை.

அவள் என்னையே பார்த்தாள். "வேணாம்" என்றுகூடச் சொல்லவில்லை.