பையன் வண்டியில் இரண்டு சீட்டு

என் பையன் அந்தமானில், ஹேவ்லாக் தீவைச் சுற்றிக் காட்டும் கைடு. அவன் போய் இரண்டு வருடமாகியும் முகத்தைப் பார்க்கவில்லையே என்று என் மனைவி சோற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சீசனில் அவனுக்கு லீவு கிடையாது. நாலு பேர் படுக்கிற அறையில் எங்களைத் தங்கவைக்கவும் வழியில்லை. கடைசியில் அவனே ஒரு யோசனை சொன்னான். டிக்கெட் எடுத்த டூரிஸ்ட்டுகளாக நாங்கள் அவன் வண்டியில் ஏறிக்கொள்வது. ஒரு பகல் முழுக்க அவன்கூட இருக்கலாம்.

“ஆனா நீ யாருன்னு சொல்லக் கூடாது நைனா. சொந்தக்காரங்கள கெஸ்ட்டு வண்டில ஏத்துனா ஓனரு ஒத்துக்க மாட்டாரு. போன மாசம் ஒருத்தன் அவங்க மாமாவ ஏத்திக்கினு போனான். கம்ப்ளைன்ட் வந்துச்சு. இப்ப படகுத்துறைல மூட்ட தூக்கிக்கினு இருக்கான். நீ வாய மூடிக்கினு வந்தா போதும்.”

எவ்வளவு பெரிய வேலையை எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டான். திருப்பதியில் இருபது வருடமாக நான் வேன் ஓட்டுகிறேன். மலையிறங்கி, தூக்கமில்லாமல், மொட்டைத் தலையோடு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு காளஹஸ்தி போவேன். அவர்களைச் சிரிக்கவைத்துக்கொண்டே போவேன். அவர்களுக்காக என்று நினைப்பார்கள். நான் ஸ்டியரிங்கில் தூங்கிவிடாமல் இருப்பதற்காக.

தடாவை ஒட்டிய எங்கள் வரதய்யபாளையம் பக்கம் பேக்டரிகள் வந்தபோது பையனுக்கு வீட்டு வாசலிலேயே வேலை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். அவனும் ஒரு வருடம் நீல யூனிபார்ம் போட்டான். காண்ட்ராக்ட் முடிந்ததும் யூனிபார்மைத் திரும்ப வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அதற்கப்புறம்தான் கப்பலேறினான்.

ஹேவ்லாக் படகுத்துறையில் எங்கள் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு அவன் நின்றிருந்தான். கறுத்து, இளைத்துப்போயிருந்தான். “வெல்கம் சார், வெல்கம் மேடம்” என்றான். என் மனைவிக்கு வாய் கோணிக்கொண்டது. நான் அவள் காலை மிதித்தேன்.

வண்டியில் இந்திக்காரக் குடும்பம் ஒன்று. அப்புறம் சென்னையிலிருந்து ஒரு தம்பதி. அந்தச் சென்னைக்காரர் ரிட்டையரானவர், தமிழ் தெரிந்தவர். அதுதான் ஆபத்து. நாங்கள் கடைசி சீட்டில் பதுங்கினோம்.

பையன் முன்னால் நின்று இந்தியில் ஏதோ சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் அவன் எந்த இடத்தில் நிறுத்தி, எந்தப் பக்கம் தலையைச் சாய்த்தான் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அது என் சரக்கு. காளஹஸ்தி வழியில் ஏர்பேடு தாண்டும்போது நான் சொல்வது: “மொட்டையடிச்சா எல்லாரும் ஒரே மாதிரிதான் இருப்பீங்க, எறங்கும்போது அடுத்தவங்க மாமியார இட்டுக்கினு போய்டாதீங்க.” அவன் மொட்டையை எடுத்துவிட்டு லைஃப் ஜாக்கெட்டை வைத்திருந்தான். தமிழிலும் ஒருமுறை சொன்னான். சொல்லி முடித்ததும் அவன் முகம் அணைந்துவிட்டது. தினமும் இதையே சொல்கிறவனின் களைப்பு அது. எனக்குத் தெரியாததா.

ஸ்பீட் போட்டில் யானைக் கடற்கரைக்குப் போனோம். படகு ஒவ்வொரு அலையிலும் எழும்பி விழுந்தபோது என் பல்லெல்லாம் இடம் மாறி உட்கார்ந்தது. இறங்கியதும் தண்ணீருக்குள் பவளப்பாறை பார்க்கவேண்டுமாம். டிக்கெட்டிலேயே அது உண்டாம். ரப்பர் வளையத்துக்குள் என்னை நுழைத்து, மூக்கை அடைக்கிற கண்ணாடியும் வாயில் குழாயும் மாட்டினார்கள். வாயை மூடிக்கொண்டு வரச் சொன்ன பையனுக்கு உள்ளூர சந்தோஷமாயிருந்திருக்கும்.

நாலடி போயிருப்பேன். ஏதோ ஒன்று காலில் உரசியது. மீனோ, பாசியோ, என் வேட்டியோ. சுறா என்று முடிவு கட்டிவிட்டேன். குழாயைத் துப்பினேன், உப்புத் தண்ணீரைக் குடித்தேன், கையையும் காலையும் உதைத்துக்கொண்டு கத்தினேன்.

“டேய், டேய், நான் செத்தேன்டா. ஓடியாடா, சோமாரி.”

பையன் கரையிலிருந்து உடுப்போடு ஓடிவந்து என் தோளைப் பிடித்தான். “சார், காலக் கீழ ஊனுங்க சார்.”

ஊன்றினேன். தண்ணீர் இடுப்புக்குத்தான் இருந்தது.

கரையேறி மணலில் உட்கார்ந்தேன். என் மனைவி துண்டை நீட்டி, “ஊரக் கூட்டியாச்சா” என்று பல்லுக்குள் கேட்டாள். அதற்குள் சென்னைக்காரர் எதிரில் வந்து நின்றார்.

“அவரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

சற்றுத் தள்ளி வளையங்களை அடுக்கிக்கொண்டிருந்த பையன் அப்படியே நின்றான்.

“தெரியாதுங்க” என்றேன்.

“அப்புறம் எப்படி டேய்னு கூப்பிடுறீங்க? சோமாரியா அவர்? பணம் குடுத்துட்டா வாயில வந்ததெல்லாம் பேசலாமா? அவரும் ஒரு வீட்டுப் பிள்ளைதானே. அவங்கப்பா கேட்டா மனசு என்ன பாடுபடும்?”

“பட்டுக்கினுதாங்க இருக்கும்” என்றேன்.

“கிண்டல் வேறயா? முதல்ல மன்னிப்பு கேளுங்க. இல்லேன்னா நான் அவங்க ஓனர்கிட்டயே பேசுறேன், உங்களை மாதிரி ஆளுங்களை வண்டியில ஏத்தாதீங்கன்னு.”

ஓனர் என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்துவிட்டேன். ஓனர் விசாரித்தால் எந்த ஊர், யார் புக் பண்ணியது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். ஈர வேட்டியைப் பிடித்துக்கொண்டு பையன் முன்னால் போய் நின்றேன். இருபது வருடத்தில் எத்தனையோ பயணிகளிடம் கும்பிடு போட்டிருக்கிறேன், கை தானாகவே குவிந்தது.

“மன்னிச்சிடுங்க சார். பயத்துல உளறிட்டேன்.”

அவன் கண் என் கையைப் பார்த்தது. அப்புறம் மணலைப் பார்த்தது. “பரவால்ல சார். எல்லாருக்கும் வர்றதுதான்” என்றான். உடனே திரும்பி இந்தியில் எல்லோரையும் படகுக்குக் கூப்பிட்டான்.

திரும்பும் வழியெல்லாம் சென்னைக்காரர் அவனை விசாரித்துக்கொண்டே வந்தார். அப்பா அம்மா எங்கே என்று கேட்டார். “தடா பக்கம் சார்.” நல்லா இருக்காங்களா? “இருக்காங்க சார். அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் வாய் ஜாஸ்தி.” அவர் சிரித்து, போனில் அவனுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு அதை என்னிடமும் காட்டினார். நான் பணிவாகப் பார்த்து, என் மனைவியின் போனை வாங்கி அதேபோல் போடத் தெரியாமல் அவரிடமே கொடுத்து, “நீங்களே போட்டுக் குடுங்க சார்” என்றேன்.

படகுத்துறையில் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து இறக்கிவிடுவதும் கைடு வேலைதான். என் மனைவி அவன் கையைப் பிடித்து இறங்கினாள். செருப்பை விட்டுவிட்டேன் என்று அதே கையைப் பிடித்து மறுபடி ஏறினாள். செருப்பு அவள் காலில்தான் கிடந்தது. படகோட்டி முணுமுணுத்தான். எனக்கும் அங்கேயே படுத்துவிடலாம் போல அசதியாக இருந்தது, ஆனாலும் அவசரப்படுத்தவில்லை.

“மெதுவா, மேடம்” என்றான் பையன், கையை நீட்டி.

அவள் மெதுவாகத்தான் இறங்கினாள்.