எண்ணெய் பூசிய படகு

எங்கள் நகரசபையின் களஞ்சியத்துக்கு நான்தான் பொறுப்பு. மகாவலி ஆறு ஒரு தடவை கம்பளை ஊருக்குள் ஏறி இறங்கிய பிறகு, காற்றடித்து மிதக்கவிடும் ரப்பர் படகு ஒன்றை எங்களுக்குக் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அக்காவின் வீடுதான் ஞாபகம் வரும். ஆற்றோரத் தெருவில் கடைசி வீடு. மச்சான் பாரிசவாதம் வந்து நான்கு வருடமாகப் படுக்கையில் இருந்தார். மறுபடி தண்ணீர் வந்தால் அவரை இந்தப் படகில்தான் ஏற்ற வேண்டும் என்று அக்கா சொல்லிவைத்திருந்தாள். நானும் பெரிய மனிதன் மாதிரித் தலையாட்டியிருந்தேன்.

அதனால் படகைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். கழுவி, நிழலில் காயவைத்து, பவுடர் தூவி, இறுக்காமல் சுருட்டி, எலி ஏறாத உயரத்தில் வைப்பேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காற்றடித்து, சவர்க்கார நுரையைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். இதெல்லாம் கூட வந்த கையேட்டில் இருந்தது. அதில் இல்லாத ஒன்றையும் செய்தேன். அங்கேதான் கெட்டது.

ஆயுத பூஜைக்கு மண்வெட்டி முதல் உழவு இயந்திரம் வரை எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் பூசி, சந்தனமும் குங்குமமும் வைப்பது எங்கள் களஞ்சியத்தில் வழக்கம். இரும்புக்கு எண்ணெய் நல்லதுதான். படகு மட்டும் வெளிறிப்போய்க் கிடந்தது. சாமிக்கு முன்னால் அதை அப்படி வைக்க எனக்கு மனம் வரவில்லை. நல்லெண்ணெயைத் துணியில் தொட்டு, ரப்பர்த் துண்டுகள் சேரும் இடமெல்லாம் ஒட்டு ஒட்டாக நானே தேய்த்தேன். பளபளவென்று ஆனது. மூன்று பூஜைக்கு இப்படித் தேய்த்துவிட்டு, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவது பூஜை முடிந்து இரண்டு வாரத்தில், படகின் பின்பக்க ஒட்டு வாய் பிளந்திருந்தது. சுரண்டி, பசையை இரண்டு தரம் பூசி, துண்டு வைத்து, மேலே பாரம் ஏற்றினேன். மறுநாள் அந்தத் துண்டு, வெந்த தோசை கல்லிலிருந்து கழல்வதுபோல் கையோடு வந்தது. சந்தையடி டயர் கடைக்காரரிடம், ஊரே நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணனிடம், தூக்கிக்கொண்டு போனேன். அவர் ஒட்டை விரித்து மோந்து பார்த்தார்.

"இதுக்கு யாரு எண்ண பூசின?"

நான் படகின் மறு ஓரத்தைச் சுருட்டத் தொடங்கினேன்.

"உள்ளுக்கெல்லாம் ஊறி ஈக்கி. இனி பசை புடிக்காது. அல்லாஹ்வுக்காகச் செல்றேன், ஆள ஏத்திட வேணாம்."

அலுவலகத்துக்குத் திரும்பியதும் எங்கள் மேலதிகாரியான பெரியவர், படகு சரியா என்று கேட்டார். சரி சேர், ஒட்டியாயிற்று என்றேன். எண்ணெய் பூசினேன் என்று எப்படிச் சொல்வது? களஞ்சியப் பொறுப்பாளன் செய்கிற வேலையா அது? மழைக்காலம் முடியட்டும், பிறகு பழுது என்று எழுதிப் புதியது கேட்கலாம் என்று கணக்குப் போட்டேன். அன்றிலிருந்து மேகம் கறுக்கும்போதெல்லாம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மழை விடாமல் நான்கு நாள் பெய்தது. ஐந்தாம் நாள் காலையில் ஆற்றின் இரைச்சல் அலுவலகம்வரை கேட்டது. பெரியவர் படகை எடுக்கச் சொன்னார். தொழிலாளர் இரண்டு பேர் முற்றத்தில் காற்றடித்தார்கள். படகு எழும்பி நின்றது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அதுதான் எனக்கு அதிகப் பயத்தைத் தந்தது. அவர்களில் ஒருவர் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டு பேருக்கும் பிள்ளைகுட்டிகள் உண்டு.

"ஏறாதீங்க," என்றேன். "ஒட்டு விட்டுரும். நான்தான் கெடுத்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். பெரியவர் என்னைத் திட்டவில்லை. வேறு படகுக்காக ஒவ்வொரு இடமாகப் போன் எடுத்தார். எல்லா இடத்திலும் பின்னேரமாகும் என்றார்கள். அப்போது அக்காவின் அழைப்பு வந்தது.

"தம்பி, தண்ணி கட்டில் கால் வரைக்கும் வந்துருச்சு. அந்த ரப்பர் போட்டு எப்ப வருது?"

"இப்ப வராதுக்கா. மச்சானை மேசை மேல ஏத்துங்க. பக்கத்துல யாரையாவது கூப்பிடுங்க."

"ஏன், வேற பக்கம் போயிருச்சா?"

"ஆமாக்கா," என்றேன்.

ஆற்றோரத் தெருவில் இழுவை, நடந்து போக வழியில்லை. வேறு ஊர்ப் படகு பின்னேரம்தான் போய்ச் சேர்ந்தது. அதுவரை அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்று, மேசைமேல் கிடந்த மச்சானின் தலையைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள். குளிர் அவர் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் இழுத்துக்கொண்டு கிடந்து, போய்விட்டார்.

சாவு வீட்டுக்கு அலுவலகத்தில் எல்லோரும் வந்தார்கள். படகுக்குக் காற்றடித்த இரண்டு பேரும் வந்தார்கள். அக்கா அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"என் தம்பி சொந்தம்னு பாக்கலங்க. எங்களுக்கு வேண்டிய போட்டை மத்த சனத்துக்கு அனுப்பிட்டான்."

அவர்கள் என் பக்கம் திரும்பாமல் தலையை ஆட்டினார்கள். வருகிறவர்களிடமெல்லாம் அக்கா அதையே சொன்னாள். இப்போதும் சொல்கிறாள்.