ஆறுதலா வாங்கோ

எங்கள் கூட்டாளித்தனம் நான் மாட்டைத் திட்டியதில் ஆரம்பித்தது.

ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊர். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். மாடு வளர்ப்பவர்கள் வாட்ஸ்அப் குழு ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டதும் அவள்தான். எழுதத் தெரியாவிட்டால் என்ன, பொத்தானை அமுக்கிப் பேசினால் போதும் என்றாள். ஒருநாள் காலையில் பால் கறக்கும்போது மாடு செம்பை உதைத்துக் கவிழ்த்துவிட்டது. கையில் போனை எடுத்தபடியே எழுந்து திட்டினேன். கட்டைவிரல் எங்கே அழுந்தியதோ, திட்டு முழுக்கக் குழுவுக்குப் போய்விட்டது.

"ஏண்டி, புண்ணாக்குக்கு மட்டும் தலைய நீட்டத் தெரியுது, செம்பைக் கண்டா காலு வருதா? இரு, ஒன்னை ஒங்கப்பன் ஊட்டுக்கே ஓட்டி விடுறேன்!"

ஊர் ஊராகச் சிரித்தார்கள். ஒரே ஒருவர் மட்டும் குரலில் பதில் போட்டிருந்தார். "அண்ணை, உங்கட மாடு பரவாயில்லை. எங்கட ஆள் செம்பை உதைக்கிறதில்லை, என்னைத்தான் உதைக்கிறா."

அவர் இருந்தது யாழ்ப்பாணத்துப் பக்கம். அன்று முதல் தினமும் பேச்சுதான். அவர் அவசரக்காரர், நறுக்கென்று பேசிவிட்டு ஓடிவிடுவார். நான் நேர்மாறு. இங்கே மழை பெய்தது என்று சொல்ல வேண்டுமானால் வாய்க்காலில் தண்ணீர் விட்ட நாளிலிருந்து ஆரம்பிப்பேன். "அண்ணை, நீங்கள் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு மாடு கறந்திடுவன். கெதியா சொல்லுங்கோ" என்பார். கெதியா என்றால் சீக்கிரம். வடிவு என்றால் அழகு, தேத்தண்ணி என்றால் டீ என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டேன்.

பின்னாலிருந்து அவர் மனைவியின் குரலும் கேட்கும். அந்த அம்மாவுக்கு இழுப்பு உண்டு. இருமிக்கொண்டே நடுவில் புகுந்து பேசும். "அண்ணை, வரேக்க உங்கட பக்கத்து அதிரசம் கொண்டு வாங்கோ. இவர் ஒண்டும் வாங்கித் தாறேல்லை." அவர்கள் முகத்தை மட்டும் நான் பார்த்ததில்லை. அவர் போனில் கேமராக் கண்ணாடி உடைந்திருந்தது.

நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் விட்டதும் என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. நாகூருக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன். கடலில் முழங்கால்வரை இறங்கி நின்றதோடு சரி. அதற்கு அந்தப் பக்கம் என் கூட்டாளி இருக்கிறார் என்றால் சும்மா இருக்க முடியுமா? பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர், "இந்த வயசுல அங்க யாரைப் பெரியவரே பாக்கப் போறீங்க?" என்றார். "மாட்டுக்கிட்ட உதை வாங்குறவரை" என்றேன். அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

துணைக்கு மாப்பிள்ளை வந்தார். என் வீட்டுக்காரி ஒரு சம்படம் நிறைய அதிரசம் சுட்டு, அந்த அம்மாவுக்கு ஒரு புடவை, மஞ்சள், குங்குமம், வளையல் எல்லாம் வைத்துக் கட்டிக் கொடுத்தாள். துறைமுகத்தில் வரிசையில் நிற்கும்போது எனக்குக் கல்யாண மாப்பிள்ளைபோல உள்ளங்கை வேர்த்தது. அப்போதுதான் போனில் அவர் குரல் வந்தது. தொண்டை கட்டியிருந்தது.

"அண்ணை, வெளிக்கிட்டாச்சே? மனுசியை ரெண்டு நாளா ஆஸ்பத்திரியில வச்சிருந்தது. இண்டைக்குக் காலமை எல்லாம் முடிஞ்சுது. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காமல் ஆறுதலா வாங்கோ."

அதை மாப்பிள்ளைக்கும் போட்டுக் காட்டினேன். எல்லாம் முடிஞ்சுது. ஆறுதலுக்கு வாங்க. இதற்கு மேல் ஒரு மனுசன் என்ன சொல்ல வேண்டும்? திருப்பிக் கூப்பிட்டோம், போகவில்லை. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள், கப்பலில் ஏறிவிட்டோம்.

"கேட்டுட்டு முடிவு பண்ணுவோம் மாமா. அவர் தெளிவா ஒண்ணும் சொல்லலியே" என்றார் மாப்பிள்ளை.

"பொண்டாட்டி போயிட்டான்னு எந்த ஆம்பளை மாப்ள தெளிவாச் சொல்லுவான்?"

கடல் நீலமாக, கண்ணுக்கு எட்டியவரை ஒரு வரப்புகூட இல்லாமல் கிடந்தது. மீன்கள் கூட்டமாகத் துள்ளின. எனக்குச் சந்தோஷம் பொங்கும். உடனே அந்த அம்மாவின் இருமல் ஞாபகம் வந்து வெட்கமாக இருக்கும். மடியில் அதிரசச் சம்படம் கனத்தது. துக்க வீட்டுக்கு இனிப்போடு போகலாமா? மூடியைத் திறந்து பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன்.

"என்ன விசேஷம் ஐயா?" என்றாள் ஒரு பெண்.

"சும்மாதாம்மா. சாப்பிடுங்க."

சம்படம் காலியானது. புடவை மூட்டையைப் பைக்கு அடியில் தள்ளினேன்.

காங்கேசன்துறையில் வெளியே வந்ததும், "அண்ணை!" என்று ஒரு குரல். அதே குரல். நான் வாட்டசாட்டமான ஆளை நினைத்திருந்தேன். என் தோளுக்கும் எட்டாத ஒல்லியான மனுசன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி வந்தார். எங்கள் பக்கத்தில் துக்கம் கேட்கப் போனால் வாய் பேசமாட்டோம். இரண்டு கையையும் சேர்த்து நீட்டுவோம், அவர்கள் தொட்டுக்கொள்வார்கள். நானும் நீட்டினேன். அவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னைப் பார்த்து அவரும் அழுதார்.

"மனசைத் தேத்திக்கங்க தம்பி" என்றேன்.

"ஓம் அண்ணை, ஓம். என்னாலயும் ஏலாமல் கிடக்கு!" கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பாவம், துக்கத்தில் மனுசன் நிலைகுலைந்திருக்கிறார் என்று நினைத்தேன். எங்களை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, அவர் மோட்டார் சைக்கிளில் முன்னால் பறந்தார். மண் செங்கல்போலச் சிவந்து கிடந்தது. எங்கள் களிமண்ணைப் பார்த்த கண்ணுக்கு அது அதிசயம். அதைக்கூட வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு உட்கார்ந்திருந்தேன்.

பனையோலை வேலி போட்ட ஒரு வாசலில் ஆட்டோ நின்றது. பந்தலைத் தேடினேன், இல்லை. பெரிய பொட்டு வைத்த ஓர் அம்மா படலைத் திறந்துகொண்டு வந்தது. அக்கா தங்கச்சி யாரோ போல என்று நினைத்து, தலையைக் குனிந்து இரண்டு கையையும் நீட்டினேன்.

அந்த அம்மா கையைப் பார்த்தது. "என்ன அண்ணை, வெறுங்கையை நீட்டுறியள்? அதிரசம் எங்கை?" சொல்லி முடிப்பதற்குள் இருமல்.

அந்த இருமல்! அது எனக்குத் தெரியாதா?

"மாப்ள! இருக்காங்க மாப்ள! இருக்காங்க!" என்று கத்திவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். என் கூட்டாளி மோட்டார் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடாமலே பிடித்துக்கொண்டு நின்றார்.

"யார் அண்ணை இருக்கினம்?"

"நீங்கதானே தம்பி எல்லாம் முடிஞ்சுதுன்னீங்க! ஆறுதலுக்கு வரச் சொன்னீங்க!"

"ஆஸ்பத்திரி அலுவல் முடிஞ்சு வீட்ட வந்திட்டம் எண்டனான். ஆறுதலா எண்டால் மெதுவா, அவசரமில்லாமல். அவ்வளவுதான்!"

மூன்று வருஷப் பேச்சில் இந்த ஒரு சொல் எங்களுக்குள் வந்ததே இல்லை. எப்படி வரும்? அந்த அவசரக்காரர் யாரையாவது மெதுவாக வரச் சொல்லியிருந்தால்தானே!

மாப்பிள்ளை அதிரசம் போன வழியைச் சொன்னார். அந்த அம்மா அப்படியே படியில் உட்கார்ந்து சிரித்தது. சிரிப்பில் இழுப்பு வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தது. "என்ர செத்தவீட்டைக் கப்பலிலயே நடத்தி, பலகாரமும் குடுத்து முடிச்சிட்டியளே அண்ணை!"

நான் பைக்கு அடியிலிருந்து புடவை மூட்டையைப் பிடுங்கி எடுத்தேன். குங்குமம் கொட்டிப் புடவையின் ஓரமெல்லாம் சிவந்திருந்தது. "பரவாயில்லை, மண்ணும் இதே நிறம்தானே" என்று அந்த அம்மா வாங்கித் தோளில் போட்டுக்கொண்டது.

சாயங்காலம் தொழுவத்துக்குப் போனோம். மாடு என்னை முகர்ந்து பார்த்தது, ஒன்றும் செய்யவில்லை. அவர் செம்போடு உட்கார்ந்ததும் பளாரென்று ஓர் உதை. "பாத்தியளே அண்ணை!" என்றார் பெருமையாக. அவர் திட்ட, நானும் கூடச் சேர்ந்து திட்டினேன்.

புறப்படும் நாளில் படலுக்கு வெளியே வந்து ஆட்டோவில் ஏறியவன் திரும்ப இறங்கினேன். துக்க வீட்டில் போயிட்டு வரேன் என்று சொல்லமாட்டோம். வந்த சுவடு தெரியாமல் நடந்துவிடுவோம். கப்பலில் வரும்போது, இவர்களிடம் அதைச் சொல்லாமல்தானே திரும்ப வேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டே வந்தேன். படலருகே போய் நின்று, "போயிட்டு வரேம்மா" என்றேன்.

"இப்பதானே சொன்னியள்?"

"இன்னொரு தரம் சொல்லிக்கிறேன். போயிட்டு வரேன்."

"அடுத்தமுறை அதிரசத்தைக் கடலில விட்டிடாதேங்கோ" என்றது அந்த அம்மா.

என் கூட்டாளி கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்ல வாயெடுத்தார். நிறுத்தினார். யோசித்துச் சொல்லைப் பொறுக்கினார்.

"கெதியா வாங்கோ அண்ணை" என்றார்.