மணப்பெண் பாறைக்கு காஷ்பார் சொன்ன காரணங்கள்

மாலா லூக்காவில் காஷ்பாரை யாரும் பொய்யன் என்று சொல்வதில்லை. சொன்னால் ஊரில் பாதிப் பேருக்குக் கோபம் வரும், அந்தப் பட்டம் தங்களைத் தாண்டி இவனுக்கு எப்படிப் போயிற்று என்று. வெளியூரிலிருந்து நோட்டுப் புத்தகத்தோடு வருகிறவர்களிடம் உண்மையைச் சொல்லக்கூடாது என்பது எங்கள் கடற்கரையில் தாய்ப்பாலோடு சேர்ந்து இறங்குகிற பழக்கம். பேரரசர் காலத்தில் தீவுகளை அளந்து வரைபடம் போட அதிகாரிகள் வந்தபோது, எங்கள் ஆட்கள் வாயில் வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் தீவுகளின் பெயர்கள் என்று சொல்லி, முகம் மாறாமல் எழுதவைத்தார்கள். இன்றைக்கும் பள்ளிக்கூடத்தில் டீச்சர் அந்த வரைபடத்தை மாட்டினால் இரண்டு இடங்களில் விரலை வைத்து மறைத்துக்கொண்டுதான் பாடம் நடத்துகிறாள்.

காஷ்பார் இளவயதில் மத்தித் தகர டப்பாக்களுக்கு மூடி அழுத்தும் தொழிற்சாலையில் இருந்தான். அங்கே இயந்திரச் சத்தத்தில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. தொழிற்சாலையை இழுத்து மூடியபோது மற்றவர்கள் அழுதார்கள். காஷ்பார் ஒரு மரப் படகு வாங்கி, அதில் முதல் வேலையாக ஒரு மைக்கை மாட்டினான். படகுக்கு மனைவி பெயரை வைத்தான். முகப்பில் நீல எழுத்தில் ‘பெரினா’ என்று இருக்கும். நிஜப் பெரினாவுக்கு இடம் பின்பக்கம், கம்பி அடுப்புக்குப் பக்கத்தில். அவள் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கானாங்கெளுத்தி சுடுவாள், கீரையும் உருளைக்கிழங்கும் வேகவைப்பாள். அவன் முன்னால் நின்று பேசுவான். இப்படி இருபத்தாறு கோடைகள்.

பேசுவதற்கு அவனுக்கு வாய்த்தது கூன்தீவுப் பூங்கா. ஒரு பெரிய தீவு, அதைச் சுற்றிச் சிறுதீவுகள், செங்குத்துப் பாறைகள், ஓர் உப்புநீர் ஏரி, ரொட்டிக்குக் கையேந்தும் கழுதைகள். எல்லாவற்றுக்கும் காஷ்பாரிடம் கதை உண்டு. அதிலும் மணப்பெண் பாறை வந்துவிட்டால் அவனைப் பிடிக்க முடியாது. ஜெர்மன்காரர்கள் படகில் இருந்தால் மணப்பெண் காதலுக்காகக் குதித்தாள். இத்தாலிக்காரர்கள் இருந்தால் அவர்கள் ஊர்க் கப்பல் தலைவன் அவளைக் கைவிட்டுப் போனான். செக் நாட்டுக்காரர்கள் வந்தால் மாப்பிள்ளை பீப்பாய்க்குள் விழுந்து கல்யாணமே நின்றுபோனது. ஆண்டுக்கு ஒரு புதுக்கதை வேறு சேரும். பின்னால் பெரினா மீனைப் புரட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்பாள். கேட்காமலிருக்க வழியில்லை, ஒலிபெருக்கி அவள் தலைக்கு மேலேதான் இருந்தது.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் தமாரா என்ற மாணவி தலைநகரிலிருந்து வந்தாள். பூங்காவின் இடப்பெயர்களையும் மரபுக் கதைகளையும் சேகரிக்கிறாளாம். துறைமுகக் கடையில் முதலில் கண்ணில் பட்டது காஷ்பார். மூன்று பிற்பகல்கள் அவள் வைன் வாங்கிக் கொடுத்தாள், அவன் மீசையைத் தடவிக்கொண்டு பேசினான், அவள் எழுதினாள். பெயர் கேட்டபோது, பழக்க தோஷம், “பார்பா ஸானே” என்றான். அப்படி ஒருவர் ஊரில் பிறக்கவே இல்லை. வயது கேட்டாள். எண்பது என்றான். அப்போது அவனுக்கு நாற்பது.

அவள் அதையும் எழுதிக்கொண்டாள்.

அவள் டாக்டர் பட்டம் வாங்கினாள், புத்தகம் வந்தது, பூங்கா நிர்வாகம் படகுக்கு ஒன்று என்று இலவசமாகக் கொடுத்தது. காஷ்பார் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. கம்பி அடுப்புக்கு ஒரு கால் குட்டை. அதற்குக் கீழே வைக்க அளவாக இருந்தது.

இந்த நிலையில்தான் போன குளிர்காலத்தில் புது விதி வந்தது. தேர்வில் பாஸான வழிகாட்டி இல்லாமல் எந்தப் படகும் பூங்காவுக்குள் பயணிகளைக் கொண்டுபோகக்கூடாது. லைசென்ஸ் இல்லாதவர் இடங்களைப் பற்றி வாயைத் திறக்கவும் கூடாது. தேர்வு மார்ச்சில், ஆண்டுக்கு ஒரே முறை, கேள்விகள் எல்லாம் அந்தப் புத்தகத்திலிருந்து. தேறாவிட்டால் கோடை முழுக்க மைக் கிடையாது. காஷ்பாரிடமிருந்து படகைப் பிடுங்கியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

“டேய், மூணு ராத்திரி உக்காந்து படிச்சா முடிஞ்சுது” என்றான் லோவ்ரே, துறைமுகக் கடையில் சீட்டைக் கலைத்துக்கொண்டே. அவனும் படகுக்காரன்தான், மூக்குக் கண்ணாடி வாங்கிப் படிக்க ஆரம்பித்திருந்தான்.

“என் கடலைப் பத்தி எவளோ எழுதினதை நான் படிக்கணுமா?”

“எல்லாரும் படிக்கிறோம்ல.”

“அதனாலதான் படிக்கமாட்டேன்.”

எங்கள் ஊரின் முக்கிய விளைச்சல் வீம்பு. ஆலிவ் எண்ணெய் அதற்கு அடுத்துத்தான். வீம்புக்காகப் பக்கத்து வீட்டு ஜன்னலை மறைத்துச் சுவர் எழுப்பி, தன் வீட்டையும் இருட்டாக்கிக்கொண்டவர்கள் எங்களில் உண்டு. காஷ்பார் அந்தப் பரம்பரை.

ஒருநாள் பெரினா அடுப்பைத் தூக்கி, அடியிலிருந்த புத்தகத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் ஓட்டுச்சில்லை வைத்தாள். பத்துப் பக்கம் புரட்டியதுமே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பார்பா ஸானே பேசுகிற பேச்சு முழுக்க அவளுக்கு மனப்பாடம். மழையே பெய்யாத கோடை ஒன்று வந்ததே, அந்த ஆண்டின் கதைகள். ஒரு பெருமூச்சுகூட மாறவில்லை. பூங்கா அலுவலகத்துக்குப் போய்த் தன் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

செய்தி லோவ்ரே வழியாகக் காஷ்பாருக்கு வந்தது.

“உம்பேரை எதுக்குக் கொடுத்த?”

“படகுல ஏற்கெனவே எம்பேருதான் இருக்கு. காகிதத்துலயும் இருந்துட்டுப் போகட்டும்.”

“நான் தேறமாட்டேன்னு நெனைக்கிறியா?”

“நான் ஒண்ணும் நெனைக்கல. வெங்காயத்தை நறுக்கு.”

தேர்வு நாளன்று தெற்குக் காற்று பிடித்துக்கொண்டது. வானம் ஈயமாகி, சுவர்களில் ஈரம் கசிந்து, ஊரில் எல்லாருக்கும் தலைவலி. அந்தக் காற்றில் எங்கள் ஊரில் பெண் பார்க்கப் போகமாட்டார்கள், வைனைப் பீப்பாய் மாற்றி ஊற்றமாட்டார்கள்.

“இந்தக் காத்துல அந்தக் காலத்துல தீர்ப்புகூடச் சொல்லமாட்டாங்க. தேர்வு வைக்கிறாங்களாம்” என்றான் காஷ்பார், சட்டைக் காலரோடு மல்லுக்கட்டிக்கொண்டு.

“நீ பதில் சொல்லு போதும். தீர்ப்பை அவங்க பாத்துக்குவாங்க” என்றாள் பெரினா.

பழைய பள்ளிக்கூட அறையில் மேஜைக்குப் பின்னால் இரண்டு பேர். ஒருத்தி டாக்டர் தமாரா. பதினான்கு ஆண்டுகளில் அவளுக்குக் கண்ணாடி வந்திருந்தது. காஷ்பாருக்கு மீசை போய், கூடவே தலைமுடியும் போயிருந்தது. அவளுக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. பக்கத்தில் ராடே, கரைநகரத்திலிருந்து மாற்றலாகி வந்த பூங்காக் காவலர். வாய்மொழித் தேர்வு என்பதால் ஊரார் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்கலாம். கேட்க எல்லாரும் வந்திருந்தார்கள்.

“உக்காருங்க, பார்பா காஷ்பார்” என்றாள் தமாரா. தலை நரைத்த கடலோடிகளுக்குத்தான் நாங்கள் ‘பார்பா’ போடுவோம். காஷ்பார் உள்ளுக்குள் குளிர்ந்து, நாற்காலியில் காலை விரித்து உட்கார்ந்தான். “உப்பு ஏரியைப் பத்தி மரபு என்ன சொல்லுது?”

காஷ்பார் இந்த ஆண்டுக்கென்று வைத்திருந்த கதையை எடுத்துவிட்டான். ஏரிக்கடியில் மூழ்கிய மடம், பெரிய வெள்ளியன்று மணியோசை.

தமாரா தலையை ஆட்டினாள். “இல்லையே. அது அடியில்லாத ஏரி. பதினேழு படகுக் கயித்தை ஒண்ணா முடிஞ்சு நங்கூரம் விட்டும் தரை தட்டல.”

“அடியில்லாத ஏரியா? நான் இடுப்பளவு தண்ணியில நின்னு விலாங்கு பிடிச்சிருக்கேன். எவன் சொன்னான் இந்தப் பொய்யை?”

“பார்பா ஸானேன்னு ஒரு பெரியவர்.”

எங்கேயோ கேட்ட பெயர் மாதிரி இருந்தது காஷ்பாருக்கு. அடுத்தது கழுதைகள். அவன் கடற்கொள்ளையர் கதையைச் சொன்னான். புத்தகத்தில் அவை பிரெஞ்சுப் படை விட்டுப்போன கழுதைகள். நிஜத்தில் மோட்டார் படகு வந்ததும் அவன் அப்பாவும் சித்தப்பாவும் தீவில் அவிழ்த்துவிட்டு வந்தவை. மூன்றாவது கேள்வி மணப்பெண் பாறை. காஷ்பார் ஜெர்மன் கதையைத் தொடங்கினான். தமாராவின் முகத்தைப் பார்த்து நடுவிலேயே இத்தாலிக்குத் திரும்பினான். அதுவும் எடுபடாமல் பீப்பாயை உருட்டினான். பெஞ்சில் யாரோ இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்கள்.

“பார்பா காஷ்பார், புத்தகத்துல தெளிவா இருக்கு. மணப்பெண் தெற்குக் காத்தைச் சபிச்சா. அதனால கல்லாப் போனா.”

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வைன், மூன்று பிற்பகல்கள், கண்ணாடி போடாத ஒரு பெண்.

“அட, அந்த ஸானே நான்தான் டாக்டரம்மா. நான்தான் அதையெல்லாம் உங்ககிட்டச் சொன்னேன். அத்தனையும் பொய்.”

தமாரா கண்ணாடியைக் கழற்றினாள். “பார்பா ஸானேக்கு அப்பவே எண்பது வயசு. நாப்பது மாதிரி இருப்பார், அது வேற. இறந்தவரைப் பத்தி இப்படிப் பேசாதீங்க. தீவுல அவர் பேர்ல நினைவு பெஞ்சே போட்டிருக்கோம்.”

“செத்துட்டான்னு யார் சொன்னது?”

ராடே முன்னால் சாய்ந்தார். “நீங்கதான். போன கோடையில அந்த பெஞ்சு பக்கத்துல நின்னு, அவர் சவப்பெட்டியை என் தோள்லதான் சுமந்தேன்னு பயணிகள்கிட்டச் சொன்னீங்க. நான் என் காதால கேட்டேன்.”

சொல்லித்தான் இருந்தான். பெஞ்சில் யார் பெயர் எழுதியிருக்கிறது என்று யோசிக்காமல், கல்லில் பெயரைக் கண்டதும் கதை தானாக வந்துவிட்டது. காஷ்பாருக்கு முகமெல்லாம் வியர்த்தது. வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையைத் தவிர வேறு எதுவும் கையில் இல்லை.

“கேளுங்கம்மா. அந்தப் பாறை பூரா கடற்புறா எச்சம். தூரத்துலேர்ந்து பார்த்தா வெள்ளைத் துணி போட்ட மாதிரி தெரியும். அதனால மணப்பெண். எங்கப்பா சொன்னது. இதுதான் நிஜம்.”

“பறவை எச்சமா” என்று தமாரா வருத்தத்தோடு சொல்லி, தாளில் ஒரு பூஜ்யம் போட்டாள். பொய் மூன்றுக்கும் ஒவ்வொரு பூஜ்யம். உண்மைக்கும் அதே அளவில்தான் ஒன்று கிடைத்தது.

அடுத்து பெரினா. அடுப்புப் புகை வாசனையோடு உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகச் சொன்னாள். பதினேழு கயிறு. பிரெஞ்சுக் கழுதை. மணப்பெண்ணின் சாபத்துக்கு வந்தபோது, காஷ்பார் எந்த இடத்தில் நிறுத்திக் கடலைப் பார்ப்பானோ அந்த இடத்தில் நிறுத்தி ஜன்னலைப் பார்த்தாள்.

தமாராவின் கண் கலங்கிவிட்டது. “பார்பா ஸானே பேசறதைக் கேட்ட மாதிரியே இருக்கு. அவரைத் தெரியுமா உங்களுக்கு?”

“நல்லாத் தெரியும். வாயை மூடவே மாட்டார்” என்றாள் பெரினா.

ஜூனில் முதல் பயணம். மைக் பெரினா கையில். பின்பக்கம் காஷ்பார், கழுத்தில் ஏப்ரன், கண்ணில் புகை. ஒலிபெருக்கியின் இடத்தை மாற்ற அவன் கேட்டுப் பார்த்தான், அவள் மாற்றவில்லை. மணப்பெண் பாறை வந்தது. பெரினா சபித்தாள், காற்று சீறியது, பெண் கல்லானாள், நாற்பது பேரும் பெருமூச்சு விட்டார்கள். அவனைவிட நன்றாகச் சொல்கிறாள் என்பது காஷ்பாருக்கே தெரிந்தது.

தட்டை நீட்டிக்கொண்டு வந்த ஸ்லோவேனியாக்காரி ஒருத்தி பாறையைக் காட்டிக் கேட்டாள். “அந்த வெள்ளையா இருக்கறது என்ன?”

காஷ்பார் முன்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “பறவை எச்சம்மா. பேருக்கே அதுதான் காரணம்.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். போய்ப் பெரினாவிடமும் சொல்லிவிட்டாள். ஒலிபெருக்கி கரகரத்தது.

“எங்க சமையல்காரர் சொல்றதை நம்பாதீங்க. அவர்கிட்ட மீனை மட்டும் நம்பி வாங்கலாம்.”

நாற்பது பேரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். காஷ்பார் ஒரு மீனை இரண்டு முறை புரட்டினான்.

தீவில் இறங்கியதும் பெரினா எல்லாரையும் பைன் மரத்தடிக்கு அழைத்துப் போனாள். கல் பெஞ்சு, அதில் செதுக்கிய பெயர். வழிகாட்டிகள் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கவேண்டும் என்று விதியில் இருந்தது.

“இந்தப் பூங்காவுல நீங்க கேட்ட கதையெல்லாம் பார்பா ஸானே கொடுத்தது. இருக்கறவரைக்கும் ஓயாமப் பேசினவர். இப்பத்தான் நிம்மதியா இருக்கார். எல்லாரும் ஒரு நிமிஷம் பேசாம நிப்போம்.” பயணிகள் தலைக்கு மேலாக அவள் பின்னால் பார்த்தாள். “சமையல்காரரே, தொப்பி.”

காஷ்பார் தொப்பியைக் கழற்றினான். கழுதை ஒன்று வந்து அவன் ஏப்ரன் பையில் ரொட்டி தேடியது. நாற்பது அந்நியர்கள் தலைகுனிந்து அவனுக்காக நின்றார்கள், ஸ்லோவேனியாக்காரி கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். அது நான்தான் என்று சொல்ல அவனுக்கு லைசென்ஸ் இல்லை. நிமிடம் முடிந்ததும் பெரினா நேரத்தைப் பார்த்தாள், அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு தட்டுகளைக் கழுவப் படகுக்குத் திரும்பினான்.